வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்குக் கடல் இல்லை. வைகையிலும் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் நீரோட்டம் இல்லை. ஆனாலும் பொழுது சாய்ந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காற்று வாங்கப் போக ஊருக்கு ஒரு நீர்க்கரை இருக்கிறது. கீழவாசலிலிருந்து காமராஜர் சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால் வந்துவிடும். வெளியூரிலிருந்து வருகிறவர்களும், இந்தக் கரையிலேயே வளர்ந்தவர்களும் இந்தக் குளத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தக் குளத்தை வெட்டியவர் யார்? எப்போது?

திருமலை நாயக்கர். ஆண்டு 1645. அவர் 1623 முதல் 1659 வரை ஆட்சி செய்தார். நாயக்கர் தலைநகரைத் திருச்சியிலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அவருடைய அரண்மனையான மகால், மீனாட்சி அம்மன் கோயிலை ஒட்டிய புது மண்டபம், இந்தத் தெப்பக்குளம் ஆகிய மூன்றும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தவரும் அவர்தான் என்று ஊர் நம்புகிறது. கட்டடம் எழுப்புவதோடு அவர் நிற்கவில்லை. மக்கள் எந்த மாதத்தில் எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதையும் சேர்த்தே யோசித்திருக்கிறார். தெப்பக்குளத்தைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் தெளிவாகும்.

மகால் கட்ட மண் எடுத்த பள்ளம்தான் தெப்பக்குளம் ஆனது என்கிறார்களே, உண்மையா?

மதுரையில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். மகாலுக்குச் செங்கல் அறுக்க இங்கே மண் வெட்டினார்கள், பள்ளம் பெரிதாகிவிட்டது, அதை அப்படியே விட மனமில்லாமல் நாயக்கர் நான்கு பக்கமும் கல் படி கட்டிக் குளமாக்கினார் என்பது செவிவழியாக வந்த செய்தி.

மகால் 1636இல் கட்டி முடிக்கப்பட்டது. குளத்துக்குச் சொல்லப்படும் ஆண்டு 1645. இடையில் ஒன்பது ஆண்டுகள் இருப்பதைக் காட்டிக் கதையை மறுப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த இடைவெளி கதைக்கு ஆதரவாகவே படுகிறது. மண் எடுப்பது முதலில் நடக்கும். அரண்மனை வேலை ஓய்ந்த பிறகுதான் பள்ளத்தைச் சதுரமாக்கி, கரை கட்டி, கருங்கல் கொண்டுவந்து படி அமைக்க ஆட்கள் கிடைப்பார்கள்.

மண்ணின் குணத்தையும் பார்க்க வேண்டும். வைகைக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில்தான் இந்த இடம் இருக்கிறது. ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டல் செங்கல்லுக்கு ஏற்றது. மகாலோ செங்கல்லையும் சுண்ணாம்பையும் நம்பிய கட்டடம். ஒருவர் கைக்குள் அடங்காத அந்தப் பெரிய தூண்களை இணைக்கும் வளைவுகள் செங்கல் கட்டுமானம்தான், மேலே சுதைப் பூச்சு. இன்று நாம் பார்ப்பது அந்த அரண்மனையில் ஒரு பகுதி மட்டுமே. மற்றதை அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் இடித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பார்கள். முழு அரண்மனைக்கும் எவ்வளவு செங்கல் வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனை மண்ணையும் எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தானே எடுத்திருக்க வேண்டும்?

முக்குறுணிப் பிள்ளையார் இங்கேதான் கிடைத்தாரா?

அப்படித்தான் சொல்கிறார்கள். மண் தோண்டும்போது மிகப் பெரிய பிள்ளையார் சிலை கிடைத்தது, அதை மீனாட்சி அம்மன் கோயிலில் பிரதிஷ்டை செய்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. சுவாமி சன்னிதிக்குப் போகும் வழியில் நாம் கும்பிடும் முக்குறுணி விநாயகர் அவர்தான். விநாயகர் சதுர்த்தி அன்று முக்குறுணி அரிசியில், அதாவது பதினெட்டுப் படி அரிசியில், ஒரே கொழுக்கட்டையாகச் செய்து அவருக்குப் படைப்பார்கள். குளத்தின் நடு மண்டபத்திலும் ஒரு விநாயகர் கோயில் இருக்கிறது.

குளம் எவ்வளவு பெரியது?

நீளம் சுமார் 305 மீட்டர், அகலம் சுமார் 290 மீட்டர். நான்கு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு கருங்கல் படித்துறைகள் இருக்கின்றன. கரையோரமாக ஒரு சுற்று நடந்தால் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் கணக்கு வைப்பது கிலோமீட்டரில் இல்லை, சுற்றில்தான். ‘இன்று நான்கு சுற்று’ என்றால் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

இந்த அளவை நீராக மாற்றிப் பார்த்தால்தான் குளத்தின் பசி புரியும். இவ்வளவு பரப்பில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் இரண்டரைக் கோடி லிட்டருக்கு மேல் வேண்டும். லாரியிலோ குழாயிலோ நிரப்பிவிடக்கூடிய குளம் இல்லை இது. ஆறு வந்து நிரப்ப வேண்டும்.

நடுவில் தெரியும் கோபுரம் என்ன?

அது மைய மண்டபம். நீராழி மண்டபம் என்றும் சொல்வார்கள். சதுரமான மேடை, நடுவில் உயர்ந்த விமானம், நான்கு மூலைகளிலும் சிறிய மண்டபங்கள், இடையே மரம் செடிகளோடு ஒரு தோட்டம். தண்ணீர் நிறைந்திருக்கும் நாளில் கரையிலிருந்து பார்த்தால் ஒரு பச்சைத் தீவு மிதப்பதாகத் தோன்றும். தெப்பத் திருவிழா அன்று தெப்பம் இந்த மண்டபத்தைத்தான் சுற்றி வரும்.

வண்டியூர்க் கண்மாயும் இதுவும் ஒன்றா?

இல்லை. பெயரால் வரும் குழப்பம் இது. ஆட்டோக்காரரிடம் ‘வண்டியூர்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். வண்டியூர் ஊரும் கண்மாயும் வைகைக்கு வடக்கே இருக்கின்றன. அது பாசனத்துக்காக ஏற்பட்ட கண்மாய். நாம் பேசுவது தென்கரையில், மாரியம்மன் கோயிலை ஒட்டியுள்ள தெப்பக்குளம். வெறுமனே ‘தெப்பக்குளம்’ என்றால் போதும், மதுரையில் எல்லோருக்கும் தெரியும்.

குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வைகையிலிருந்து. ஆற்றையும் குளத்தையும் நிலத்தடிக் கால்வாய்களால் இணைத்திருந்தார்கள். ஆற்றில் நீர் ஓடும்போது அது தானாகவே சரிவில் இறங்கிக் குளத்துக்கு வந்து சேரும். ஏற்றம் இறைக்க வேண்டியதில்லை, மாடு கட்ட வேண்டியதில்லை. மட்டம் பார்த்துச் சரிவு கொடுத்து வெட்டிய கை எவ்வளவு தேர்ந்த கை என்று நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. படித்துறையின் அழகைப் பாராட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மண்ணுக்குள் கிடக்கும் கால்வாயைப் பாராட்ட ஆள் இல்லை. உண்மையில் குளத்தின் உயிர் அந்தக் கால்வாயில்தான் இருந்தது.

இன்று குளத்துக்கு நீர் கொண்டுவருவது வைகையின் தென்கரையில் பிரியும் பனையூர்க் கால்வாய். நகரின் நெருக்கமான பகுதிகளுக்குள் புகுந்து வரும் கால்வாய் அது. எனவே அதன் வழியில் குடியிருப்பவர்கள் குப்பையை எங்கே கொட்டுகிறார்கள், கழிவுநீரை எங்கே விடுகிறார்கள் என்பதுதான் குளத்தின் நிலையைத் தீர்மானிக்கிறது.

பல ஆண்டுகள் வறண்டு கிடந்ததே, ஏன்?

என் வயதுக்காரர்களுக்குத் தெப்பக்குளம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கிரிக்கெட். குளத்துக்குள் ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் நடக்கும். செங்கல்லை அடுக்கி ஸ்டம்ப் வைப்பார்கள். ஓர் அணியின் பந்து இன்னோர் அணியின் ஆட்டத்துக்குள் ஓடும். படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் கூட்டமும் இருக்கும். இளைஞர்களுக்கு விளையாட இடம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தெப்பக்குளத்தை மைதானமாக மட்டுமே அறிந்து வளர்ந்தது சாதாரண இழப்பு இல்லை.

வறட்சிக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. வைகை மழையை நம்பிய ஆறு. 1895இல் பெரியாறு அணை கட்டப்பட்டு, மேற்கே போன நீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திரும்பியது. 1959இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை வந்தது. இந்த இரண்டும் வறண்ட நிலங்களுக்குச் சோறு போட்டவை. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அணை வந்த பிறகு மதுரை நகருக்குள் ஆற்றில் நீர் ஓடுவது அணையைத் திறக்கும் நாட்களையும் பெருமழை நாட்களையும் பொறுத்ததாகிவிட்டது. சித்திரையில் அழகர் இறங்குவதற்கே அணையிலிருந்து நீர் விட வேண்டியிருக்கிறது.

அடுத்தது மணல். பல்லாண்டுகளாக அள்ளிய அள்ளலில் ஆற்றின் தரை கீழே போனது. கால்வாய் ஆற்றிலிருந்து பிரியும் தலைப்பு மேலேயே நின்றுவிட்டது. ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் கால்வாய் வாய்க்கு எட்டாது. இதை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் இதன் கொடுமை தெரியும். கண்ணெதிரே ஆறு போகும், குளம் காய்ந்து கிடக்கும்.

மூன்றாவது நாமே செய்தது. கால்வாயின் மேல் கட்டினோம், கால்வாய்க்குள் கொட்டினோம், சாக்கடையை அதில் திருப்பினோம். தூர் வாராமல் விட்ட பாதை மூடிக்கொண்டது. குளத்தில் ஒரு கல்லும் பெயரவில்லை. படிகள் நன்றாக இருந்தன, மண்டபம் நன்றாக இருந்தது, வெள்ளை அடித்து விளக்கும் போட்டார்கள். வரும் வழி செத்துப்போனதால் குளமும் செத்தது. மூன்று காரணங்களில் இதுதான் முக்கியமானது என்பது என் கருத்து. மழையை நாம் வரவழைக்க முடியாது. சாக்கடையை நாம்தான் திருப்பிவிட்டோம்.

தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் தெப்பத் திருவிழா நின்றுபோனதா?

நிற்கவில்லை. நிலைத் தெப்பமாக நடந்தது. அதாவது அலங்கரித்த தெப்பம் மிதக்காமல் ஓரிடத்தில் நிற்கும். அம்மனும் சுவாமியும் அங்கே எழுந்தருளுவார்கள், பூசையெல்லாம் முறைப்படி நடக்கும். மோட்டார் வைத்து நீர் இறைத்து ஓரளவு நிரப்பிய ஆண்டுகளும் உண்டு. கூட்டம் ஒருபோதும் குறைந்ததில்லை. ஆனால் வயதானவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பெருமூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மறுபடி எப்போது நிரம்பியது?

2019இன் இறுதியில் பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து வைகை நீரைத் திருப்பிவிட்டார்கள். 2020 தை மாதத்தில் தெப்பம் நீரில் மிதந்தது. அன்று கரையில் நின்றவர்களுக்கு அது சாதாரணத் திருவிழாவாக இருக்கவில்லை. தெப்பம் அசைந்ததும் எழுந்த குலவையும் ‘மீனாட்சி’ என்ற கூப்பாடும் அடங்க வெகு நேரமானது. அதன் பிறகு படகுச் சவாரியும் தொடங்கியது.

நீர் வந்ததில் இன்னொரு பலன் கண்ணுக்குத் தெரியாதது. குளம் நிறைந்திருந்தால் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் நீர்மட்டம் ஏறும். காமராஜர் சாலை, அனுப்பானடிப் பக்கம் குடியிருக்கும் யாரையாவது கேளுங்கள், சொல்வார்கள்.

தெப்பத் திருவிழா அன்று என்ன நடக்கும்?

தை மாதப் பௌர்ணமியை ஒட்டித் தைப்பூசத்தில் நடக்கும் விழா இது. திருமலை நாயக்கர் பிறந்த நட்சத்திரம் பூசம் என்றும், அதனால்தான் இந்த நாள் என்றும் சொல்வார்கள். அதோடு இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வைகை பெருகிக் குளம் நிறைந்து, மழை ஓய்ந்து வானம் தெளியும் மாதம் தை. தெப்பம் விட ஆண்டில் இதைவிடப் பொருத்தமான காலம் கிடையாது.

விழா கொடியேற்றத்தோடு பல நாட்கள் நடக்கும். தெப்பத்துக்கு முன்னதாகத் தெப்பம் முட்டுத்தள்ளுதல் என்ற சடங்கு உண்டு. சிந்தாமணியில் கதிரறுப்புத் திருவிழா நடக்கும். மீனாட்சியும் சுந்தரேசுவரரும் வயல் பக்கம் போய்க் கதிர் அறுப்பதைப் பார்ப்பார்கள். அறுவடை மாதத்தில் அரசியும் அரசனும் ஊரைச் சுற்றிப் பார்க்க வருவதுபோல இருக்கும்.

தெப்பத்தன்று விடியற்காலையிலேயே அம்மனும் சுவாமியும் கோயிலிலிருந்து புறப்பட்டுவிடுவார்கள். வழியெங்கும் மண்டகப்படிகளில் தங்கித் தெப்பக்குளம் வந்து சேர்வார்கள். காலையில் இரண்டு சுற்று. கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் மெதுவாக நகரும். பகல் முழுவதும் அம்மனும் சுவாமியும் அங்கேயே தங்கியிருப்பார்கள். மாலையில் மின்விளக்கு அலங்காரத்தோடு இன்னொரு சுற்று. பிறகு சுவாமி தங்கக் குதிரையிலும் அம்மன் வெள்ளி அவுதா தூக்கு என்ற வாகனத்திலும் ஏறி இரவில் கோயிலுக்குத் திரும்புவார்கள்.

வெளியூர்க்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மனும் சுவாமியும் வெளியே போயிருப்பதால் அன்று மீனாட்சி அம்மன் கோயிலில் நடை சாத்தியிருப்பார்கள். கோயிலுக்கென்று திட்டமிட்டு அன்று வந்து ஏமாறுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். நேராகத் தெப்பக்குளத்துக்கு வந்துவிடுங்கள், மாலைச் சுற்றுக்கு மூன்று மணி நேரம் முன்பாகவே கரையில் இடம் பிடித்துவிடுங்கள்.

குளத்தின் பழைய படங்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. 1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி மதுரையைப் புகைப்படம் எடுத்தார். கோயில், மகால், வைகை ஆகியவற்றோடு தெப்பக்குளத்தையும் எடுத்திருக்கிறார். இன்றைய படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மைய மண்டபம் மாறாமல் அப்படியே இருப்பது தெரியும். அதைச் சுற்றியிருக்கும் மற்ற எல்லாம் மாறிவிட்டன. அந்தக் காலத்தில் நகரம் கிழக்கே இவ்வளவு தூரம் வரவில்லை. தெப்பக்குளம் ஊருக்கு வெளியே தனித்து நின்றது. கரையோரமாகத் தியாகராசர் கல்லூரி வந்தது 1949இல்.

மதுரையின் மற்ற தெப்பக்குளங்கள் என்ன ஆயின?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போது மனம் கசக்கிறது. டவுன்ஹால் ரோட்டில் கூடலழகர் பெருமாள் கோயிலுக்குரிய தெப்பக்குளம் இருக்கிறது. அந்தச் சாலையில் தினமும் நடக்கிறவர்களில் பலருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது, அந்த அளவுக்குச் சுற்றிலும் கடைகள். புது மண்டபத்துக்குக் கிழக்கே எழுகடல் தெருவுக்குப் பெயர் கொடுத்த குளம் தூர்ந்து, அந்த இடம் வணிக வளாகமாகிவிட்டது. கண்மாய்களின் கதையும் இதேதான். 2004இல் தொடங்கிய உயர் நீதிமன்றக் கிளை இருப்பது உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில்.

மாரியம்மன் தெப்பக்குளம் தப்பித்ததற்குக் காரணம் அதன் அளவும் திருவிழாவும் என்று நினைக்கிறேன். ஆண்டுக்கு ஒரு நாள் மீனாட்சி வந்து நிற்கும் இடத்தில் யாரும் கடை போடத் துணியவில்லை.

குளம் யாருடைய பொறுப்பு?

குளம் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு உரியது. சுற்றியுள்ள சாலை, விளக்கு, துப்புரவு மாநகராட்சியின் வேலை. ஆறு பொதுப்பணித் துறை வழி வந்த நீர்வளத் துறையிடம் இருக்கிறது. ஒரு குளம் நிறைய இத்தனை அலுவலகங்கள் ஒன்றாக அசைய வேண்டும்.

மாலையில் போனால் என்ன இருக்கும்?

கைப்பிடிச் சுவர் முழுக்க ஆட்கள். பருத்திப்பால், அவித்த கடலை, மாங்காய் பத்தை, பானிபூரி என்று வண்டிகள். கடலை விற்கும் அம்மா சின்ன உழக்கில் தலை தட்டாமல் கும்பலாக அளந்து, பேப்பர்ப் பொட்டலத்தில் கொட்டி, மேலே ஒரு கை கொசுறும் போடுவார். பிள்ளைகள் பொரி வாங்கி மீன்களுக்கு வீசுவார்கள். ஒரு பொரி விழுந்ததும் பத்து வாய் திறக்கும். பிளாஸ்டிக் உறையையும் சேர்த்து வீசுகிறவர்களைப் பார்த்தால் தயங்காமல் சொல்லுங்கள். நானும் சொல்கிறேன்.

மாரியம்மன் கோயிலில் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் கூட்டம் அதிகம். பங்குனித் திருவிழாவின்போது தீச்சட்டியும் பால்குடமும் எடுத்து வருகிறவர்களால் சாலையே நிறைந்திருக்கும். அன்று வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

குளம் மறுபடி வறண்டுவிடுமா?

கால்வாயைக் கவனிக்காவிட்டால் வறண்டுவிடும். படித்துறையில் ஈரக் கோடு எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். நீர் இறங்கிய படிகளில் பச்சைப் பாசி காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களில் சிலர் அதை வைத்தே ‘போன வாரத்துக்கு ஒரு படி இறங்கிவிட்டது’ என்று கணக்குச் சொல்வார்கள். கோடையில் இறங்குவது இயற்கை. ஐப்பசி, கார்த்திகையில் வைகையில் வெள்ளம் போகும்போதும் கோடு ஏறவில்லை என்றால் கால்வாயில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று பொருள். அப்போது மாநகராட்சிக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் மனு கொடுங்கள், தேதியிட்ட புகைப்படத்தோடு கொடுங்கள். தூர் வாரும் வேலை புரட்டாசிக்குள் முடிய வேண்டும். தண்ணீர் வந்த பிறகு கால்வாயில் மண்வெட்டி இறங்காது.